ராக்கிகரிப் பெண்ணும் என் ஆயாவும் ஒரே கிளையா?

தொங்காட் பேரன் (திங்கள், இரவு 9.10)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இது என் முதல் பதிவு. தமிழ் எழுதக் கற்றுக்கொண்டது போன வருஷம்தான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் ஆயா இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துத் தொங்காட்டில், கரும்புத் தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்தவர். அவருடைய அம்மா மெட்ராஸில் கப்பல் ஏறியபோது அம்மிக்குழவியைச் சேலையில் சுற்றி எடுத்துவந்தாராம். குழவி இப்போது எங்கள் அத்தை வீட்டில் இருக்கிறது. அம்மி மட்டும் இங்கே வாங்கியது.

ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கப்பல் பட்டியலில் அந்தப் பாட்டியைக் கண்டுபிடித்துவிட்டேன். காலனி எண், பெயர், வயது, தகப்பன் பெயர், ஜில்லா வட ஆற்காடு, கிராமம், இடது முழங்காலில் தழும்பு. தழும்பைக்கூட எழுதியிருக்கிறார்கள், ஆனால் அவரைப் பெற்றவள் பெயர் இல்லை. எவ்வளவு தேடினாலும் அந்த ஒரு படிக்கு மேலே ஏற முடியவில்லை.

அதனால் குழாயில் எச்சில் துப்பி டி.என்.ஏ சோதனைக்கு அனுப்பினேன். தாய்வழிக் கிளை யு2பி2 என்று வந்திருக்கிறது. அதைத் தேடிப் பார்த்தால், ஹரியானாவில் ராக்கிகரி இடுகாட்டில் எடுத்த சிந்துவெளிப் பெண்ணின் எலும்பிலும் அதே யு2பி2! படித்ததும் சிலிர்த்துவிட்டது.

அடுத்த மாதம் எங்கள் குடும்ப ஒன்றுகூடல், நூற்றுக்கு மேல் ஆட்கள் வருவார்கள். ஆயாவின் வழி சிந்துவெளியிலிருந்து வருகிறது என்று அங்கே சொல்லலாமா?

நெல்லைக்காரன், ஜோபர்க் (திங்கள், இரவு 9.42)

தாராளமாகச் சொல்லுங்கள் தம்பி! சிந்துவெளி நம்முடையதுதான் என்று நாங்கள் எவ்வளவு நாளாகச் சொல்கிறோம். அப்படியே ஆதிச்சநல்லூர்த் தாழி எலும்புகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். நான் அந்தப் பக்கத்துக்காரன். தாமிரபரணிக் கரையில் எங்கே தோண்டினாலும் தாழி. இப்போது குழியின் மேல் கண்ணாடி போட்டு, மேலே நின்றே பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள்.

எலும்புக்காரி (திங்கள், இரவு 10.30)

அண்ணா, கொஞ்சம் பொறுங்கள். தம்பியிடம் முதலில் ஒன்று கேட்க வேண்டும். ஆயா என்கிறீர்களே, அவர் அம்மாவைப் பெற்றவரா, அப்பாவைப் பெற்றவரா?

தொங்காட் பேரன் (திங்கள், இரவு 10.33)

அப்பாவைப் பெற்றவர். ஏன் அக்கா?

எலும்புக்காரி (திங்கள், இரவு 11.15)

அப்படியானால் யு2பி2 அந்த ஆயாவுடையது இல்லை.

தாய்வழிக் கிளை என்று சோதனைக்காரர்கள் சொல்வது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் சின்ன டி.என்.ஏ. வளையத்தை வைத்துத்தான். மொத்தம் 16,569 எழுத்து. நம் செல்லின் கருவில் இருக்கும் முந்நூறு கோடியோடு ஒப்பிட்டால் தூசு. ஆனால் அது அம்மாவிடமிருந்து மட்டும் வருகிறது, அப்பாவுடையதோடு கலப்பதில்லை. ஆணும் பெண்ணும் அம்மாவிடம் வாங்கிக்கொள்கிறார்கள், அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பவள் பெண் மட்டும். உங்கள் அப்பா ஆயாவிடமிருந்து வாங்கினார், அவரோடு நின்றுவிட்டது. உங்களிடம் இருப்பது உங்கள் அம்மாவுடையது, அவரைப் பெற்றவளுடையது, அவளைப் பெற்றவளுடையது.

அம்மிக்குழவிப் பாட்டியின் வழி வேண்டுமென்றால் சோதிக்க வேண்டியது உங்கள் அத்தையை. அத்தை பிள்ளைகள் இருந்தால் அவர்களும் சரி, மகனானாலும் மகளானாலும்.

சாட்ஸ்வர்த் கிழவன் (செவ்வாய், காலை 5.50)

இந்த நாட்டில் நாம் இரண்டு பக்கத்துப் பாட்டியையும் "ஆயா" என்று ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம், அதன் விளைவு இது. கொங்குப் பக்கம் போனால் அப்பாவைப் பெற்றவள் அப்பாயி, அம்மாவைப் பெற்றவள் அம்மாயி. குழப்பமே வராது. தம்பி, அம்மாயி யார்? அவளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?

தொங்காட் பேரன் (செவ்வாய், மதியம் 12.20)

ஐயா, உண்மையைச் சொன்னால் எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு நாலு வயதிலேயே அவர் இறந்துவிட்டார். ஸ்டாங்கர் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தவர் என்பது மட்டும்தான் தெரியும். போட்டோ கிடையாது. அம்மாவை வளர்த்தது சின்னம்மா.

இத்தனை நாள் அவரைப் பற்றி நான் கேட்டதே இல்லை.

நெல்லைக்காரன், ஜோபர்க் (செவ்வாய், மதியம் 1.05)

சரி, அப்பாயி இல்லை, அம்மாயி. அதனால் என்ன குறைந்துபோயிற்று? யு2பி2 யு2பி2தானே. ராக்கிகரிப் பெண்ணும் அதே. சொந்தம் சொந்தம்தான்.

எலும்புக்காரி (செவ்வாய், இரவு 8.40)

பெயர் ஒன்றாக இருப்பதால் சொந்தம் என்று சொல்லிவிடலாம், எவ்வளவு தூரத்துச் சொந்தம் என்பதுதான் கேள்வி. இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், வேலை முடிந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த வளையம் மிக மெதுவாகத்தான் மாறும். முழு வளையத்திலும் ஓர் எழுத்து மாறிப் பதிய சராசரியாகச் சில ஆயிரம் ஆண்டு ஆகிறது. அப்படியானால் இருவருடைய வளையம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனாலும், அவர்களுக்குப் பொதுவான தாய் இரண்டாயிரம் மூவாயிரம் ஆண்டுக்கு முன்னால் இருந்திருக்கலாம். வெறும் கிளைப் பெயர் மட்டும் ஒத்தால் இன்னும் பின்னால் போக வேண்டும். யு2பி2 என்ற கிளை ராக்கிகரி நகரத்தை விடப் பழையது. அந்தக் கிளையில் பிறந்த எத்தனையோ பெண்கள் எங்கெங்கோ போயிருப்பார்கள். ஒருத்தி ஹரியானாவில் புதைக்கப்பட்டாள், இன்னொருத்தியின் வழி வட ஆற்காட்டுக்கோ வேறெங்கோ போய் ஸ்டாங்கர் வந்து சேர்ந்தது. அவள் இவளுக்குப் பாட்டி என்பதற்கு இதில் ஆதாரம் இல்லை. பல நூறு தலைமுறைக்கு முந்திய ஒரு பெண்ணுக்கு இருவரும் பேத்திகள், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ராக்கிகரிப் பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019ல் வெளிவந்த ஆய்வு அது. அவள் வாழ்ந்து சுமார் 4,500 ஆண்டு ஆகிறது. அந்த இடுகாட்டில் 61 மாதிரி எடுத்தார்கள். அதில் டி.என்.ஏ படிக்கக் கிடைத்தது ஒன்றே ஒன்று, இவளுடையது. அதுவும் காதுக்கு உள்பக்கம் இருக்கும் பாறை மாதிரியான எலும்பிலிருந்து. மனித உடம்பிலேயே அடர்த்தியான எலும்பு அதுதான், டி.என்.ஏ அங்கேதான் கடைசிவரை ஒளிந்துகிடக்கும். அறுபத்தொன்றில் ஒன்று! ஒரு பெரிய நாகரிகத்துக்கு ஒரே ஒருத்தி சாட்சி.

அந்த ஆய்வின் முக்கியமான செய்தி தாய்வழிக் கிளையும் இல்லை. அவளுடைய முழு மரபணுவில் ஸ்டெப்பி என்ற யூரேசியப் புல்வெளி மக்களின் கலப்பு இல்லை என்பதும், இன்றைய தெற்காசியர் பெரும்பாலோருக்கு அவளைப் போன்றவர்கள் பெரிய மூதாதைப் பங்கு என்பதும்தான் அது. அந்தப் பங்கு உங்களுக்கும் இருக்கும், நெல்லை அண்ணாவுக்கும் இருக்கும், யு2பி2 இல்லாவிட்டாலும் உங்கள் அப்பாவுக்கும் இருக்கும். மைட்டோகாண்ட்ரியா அதைச் சொல்லாது. பத்துத் தலைமுறை பின்னால் போனால் கணக்குக்கு 1,024 மூதாதையர். இந்த வளையம் அதில் ஒரே ஒருத்தியைக் காட்டுகிறது, மற்ற 1,023 பேரைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

நெல்லைக்காரன், ஜோபர்க் (செவ்வாய், இரவு 9.20)

கணக்கு சரி. ஆனால் ஆதிச்சநல்லூரைத் தோண்ட ஆரம்பித்து எத்தனை காலம்? 1876லேயே ஜெர்மனியிலிருந்து யாகோர் வந்து அள்ளிப்போனார். பிறகு அலெக்சாண்டர் ரியா. அப்புறம் 2004ல் மறுபடி தோண்டி நூற்றுக்கு மேல் தாழி எடுத்தார்கள். எலும்பா இல்லை? ஹரியானாவில் ஒன்று கிடைக்கிறது, எங்கள் ஊரில் ஏன் கிடைக்காது? வேண்டுமென்றே செய்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எலும்புக்காரி (செவ்வாய், இரவு 9.55)

சதி எல்லாம் வேண்டாம் அண்ணா, வெயிலே போதும். டி.என்.ஏவுக்குப் பெரிய எதிரி சூடும் ஈரமும். நியூசிலாந்தில் மோவா என்ற அழிந்துபோன பறவையின் எலும்புகளை வைத்து 2012ல் கணக்குப் போட்டார்கள். சராசரி 13 டிகிரிக் குளிரிலேயே, மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ துண்டுகளில் பாதி 521 ஆண்டில் உடைந்துவிடுகிறதாம். தாமிரபரணிக் கரையில் சராசரி எத்தனை டிகிரி என்று உங்களுக்குத்தான் தெரியும். அதோடு தாழிக்குள் மழைத் தண்ணீர் இறங்கும், வற்றும், மறுபடி இறங்கும். எலும்பு கையில் எடுத்தால் சுண்ணாம்பு மாதிரி உதிரும்.

அதற்காக முடியாது என்று சொல்லவில்லை. கீழடிக்காரர்கள் புதைத்த இடமான கொந்தகையில் எடுத்த எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் டி.என்.ஏவுக்காக ஆராய்கிறார்கள். ஒரு செல்லுக்குள் கருவின் டி.என்.ஏ இரண்டே பிரதி, மைட்டோகாண்ட்ரியாவுடையது நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கும். எல்லாம் அழிந்தாலும் கடைசியில் தாய்வழிதான் மிஞ்சும். நம் பெண்கள் பிடிவாதம் அப்படி.

கிடைத்தது பழசா, தோண்டியவர் விரலிலிருந்து ஒட்டியதா என்றும் பார்க்க வேண்டும். பழைய துண்டுகளின் நுனியில் சி எழுத்து சிதைந்து, படிக்கும்போது டி என்று விழும். அந்தச் சிதைவு இருந்தால்தான் பழசு என்று நம்புவோம். 1904ல் வெறும் கையால் தூக்கிய மண்டையோட்டில் யார் யார் வியர்வை இருக்கிறதோ!

மட்டுறுத்துநர் (செவ்வாய், இரவு 11.02)

எந்தக் கிளை எந்தச் சாதி என்று ஆரம்பித்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கப்பல் பட்டியலில் சாதி என்றொரு பத்தி இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதை இந்த இழையில் கிளற வேண்டாம்.

வெருலம் தேவி (புதன், காலை 7.30)

எலும்பிலிருந்தே எடுக்கலாம் என்கிறீர்கள். எங்கள் கொள்ளுப்பாட்டியைப் புதைத்த இடம் எங்களுக்குத் தெரியும். பழைய தோட்டத்து ஓரத்தில், மாமரத்தடியில், கல் ஒன்று நட்டிருக்கிறது. சுற்றிலும் கரும்பு. அந்தக் காலத்தில் எரிக்க வசதியில்லாமல் நிறையப் பேரைப் புதைத்துத்தான் இருக்கிறார்கள். நாமே கொஞ்சம் எடுத்து அனுப்பினால் என்ன?

சாட்ஸ்வர்த் கிழவன் (புதன், காலை 7.48)

அம்மா தாயே, மண்வெட்டியைக் கீழே வை.

எலும்புக்காரி (புதன், மாலை 6.15)

தேவி அக்கா, முதலில் சட்டம். 1999ன் தேசிய மரபுவளச் சட்டப்படி, நகராட்சி நிர்வாகம் பார்க்கும் இடுகாட்டுக்கு வெளியே இருக்கும் அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட கல்லறையை அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. சொந்தப் பாட்டியானாலும் சரிதான்.

இரண்டாவது, தேவையே இல்லை. உங்கள் அம்மாவின் அம்மாவின் அம்மா என்றால் அவருடைய வளையம் உங்கள் கன்னத்திலேயே இருக்கிறது. வேறு வழி என்றால், மகள் வழியாகவே இறங்கி வந்த ஓர் ஆள் எங்காவது உயிரோடு இருப்பார், அவரைக் கண்டுபிடியுங்கள். நூற்றைம்பது ஆண்டு என்பது இந்த வளையத்துக்கு நேற்று மாதிரி. எலும்பைக் குடைந்து கிடைப்பதும் பேத்தியின் எச்சிலில் கிடைப்பதும் ஒன்றே. மண்ணைத் தோண்டுவது, கேட்க ஆளே இல்லாத இரண்டாயிரம் ஆண்டுக் கதைகளுக்குத்தான்.

கேப் கடலோரம் (புதன், இரவு 8.05)

நான் கேப்டவுனிலிருந்து எழுதுகிறேன். என் தமிழ் என் கணவர் வீட்டில் கற்றது. இங்கே பிரெஸ்ட்விச் தெருவில் 2003ல் கட்டடம் கட்டத் தோண்டியபோது நூற்றுக்கணக்கில் எலும்புக்கூடுகள் வந்தன. அடிமைகள், ஏழைகள், பெயரில்லாதவர்கள். அறிவியல் ஆட்கள் ஆராய வேண்டும் என்றார்கள். சுற்றியிருந்த மக்கள், உயிரோடு இருந்தபோது அளந்து விற்றது போதாதா, செத்த பிறகும் அளக்க வேண்டுமா என்று எதிர்த்தார்கள். அந்தக் கூட்டங்களில் நானும் இருந்தேன். கடைசியில் எலும்புகளை நினைவகத்தில் பெட்டிகளில் அடுக்கி வைத்தார்கள்.

அந்த அடிமைகளில் நம் கரையிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள் என்பது டர்பன் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. 1860ல் ஒப்பந்தக் கூலிகளோடு முதல் கப்பலான டிரூரோ வருவதற்கு இருநூறு ஆண்டுக்கு முன்பே டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரையிலிருந்தும் மலபாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஆட்களைக் கேப்பில் இறக்கினார்கள். வங்காளத்து ஆஞ்சலா என்றொருத்தி 1657ல் வந்தாள், 1666ல் விடுதலை பெற்றாள், ஒரு வெள்ளைக்காரனை மணந்தாள். இன்று ஆப்பிரிக்கானர் குடும்பங்கள் பல அவளைத் தங்கள் பாட்டி என்கின்றன.

என் விஷயம் நேர்மாறு. முகத்தைப் பார்த்தால் எல்லோரும் இந்தியா என்பார்கள், நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். சோதித்தால் எல்0டி. கொய்கொய், சான் மக்களின் கிளை. கலர்ட், அதாவது கலப்பினத்தவர், என்று முத்திரை குத்தப்பட்ட மக்களில் சுமார் அறுபது விழுக்காட்டினருக்குத் தாய்வழி அந்தப் பழங்குடிகளிடம்தான் போகிறது என்று 2010ல் ஓர் ஆய்வு வந்தது. மண்டேலாவின் தாய்வழியும் எல்0டிதான். அதைச் சோதித்துச் சொன்னவர் ஹிம்லா சூட்யால், தென்னாப்பிரிக்க இந்தியர். என் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க ஆயா அந்த மாதிரி ஒரு பாஷையில கோழியைக் கூப்பிடும்" என்றார். நாற்பது வருஷமாக யாரும் சொல்லவில்லை.

எலும்புக்காரி (புதன், இரவு 9.30)

அக்கா, நன்றி. நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இந்த எலும்புகளோடு வேலை செய்கிறவள், பிரெஸ்ட்விச் கதையை எதிர்ப்பக்கத்திலிருந்தே கேட்டுப் பழகிவிட்டேன். சதர்லாந்து என்ற ஊரில் வேறு மாதிரி நடந்தது. 1920களில் ஒரு மருத்துவ மாணவர் அங்கே பண்ணைக் கல்லறையிலிருந்து எலும்புகளைக் கேப்டவுன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 2017ல் கணக்கெடுத்தபோது அது தெரியவந்தது. பல்கலைக்கழகம் குடும்பங்களைத் தேடிப்போய்ச் சொன்னது. ஆராய்ந்து சொல்லுங்கள், பிறகு புதைப்போம் என்று கேட்டது குடும்பத்தினர்தான். 2023 நவம்பரில் ஒன்பது பேரையும் ஊர் மண்ணிலேயே புதைத்தார்கள். எனக்குச் சரியாகப் படுவது அந்த வழி. கேட்ட பிறகு வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான்.

தொங்காட் தம்பி, உங்களுக்கு இன்னொன்று. ராக்கிகரி வரை போகிறீர்கள். உங்கள் வீட்டிலிருந்து காரில் கால் மணி நேரத்தில் பாலிட்டோ கடற்கரை. அங்கே சிப்பிமேட்டில் எடுத்த ஒரு சிறுவனின் எலும்பு, சுமார் 2,000 ஆண்டுப் பழையது. 2017ல் அவனுடைய முழு மரபணுவையும் படித்தார்கள். ஆடுமாடு மேய்ப்பவர்களும் உழவர்களும் இந்தக் கரைக்கு வருமுன் வாழ்ந்தவன், எந்தக் கலப்பும் இல்லாதவன். இன்றைய கொய்சான் மக்கள் எல்லோரிடமும் கலப்பு இருக்கிறது, 9 முதல் 30 விழுக்காடு வரை. அதனால் இவன் ஓர் அளவுகோல் மாதிரி கிடைத்தான். அவனை வைத்துக் கணக்குப் போட்டதில் இன்றைய மனிதக் கிளைகள் முதன்முதலில் பிரிந்த காலம் 3,50,000க்கும் 2,60,000க்கும் இடைப்பட்ட ஆண்டுகளுக்கு முன் என்று பின்னால் தள்ளிப்போயிற்று.

அவனுடைய தாய்வழியும் எல்0டி. கேப் அக்காவின் கிளை. மேற்குக் கரையில் செயின்ட் ஹெலினா விரிகுடாவில் கிடைத்த 2,330 ஆண்டுப் பழைய ஆணும் அதே கிளைதான், அதை 2014ல் வெளியிட்டார்கள்.

கேப் கடலோரம் (புதன், இரவு 9.41)

அப்படியானால் அந்தப் பிள்ளை என் மூதாதையா?

எலும்புக்காரி (புதன், இரவு 9.50)

இல்லை அக்கா. அவன் பையன், அதுவும் சின்ன வயதில் செத்தவன். யாருக்கும் எதையும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. அவனுடைய அம்மாவுக்கோ சித்திக்கோ மகள் இருந்திருந்தால் அந்த வழி எங்காவது போய்க்கொண்டிருக்கும். எலும்பில் கிடைத்ததாலேயே ஒருவர் மூதாதை ஆகிவிட முடியாது. பெரும்பாலும் பெரியம்மா பிள்ளையாகத்தான் இருப்பார்.

நெல்லைக்காரன், ஜோபர்க் (புதன், இரவு 10.15)

பாலிட்டோவுக்கு மூன்று தடவை விடுமுறைக்குப் போயிருக்கிறேன். மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வந்தேன். இதெல்லாம் அங்கே எங்கேயும் எழுதி வைக்கவில்லையே.

ஆதிச்சநல்லூர் விஷயத்தில் நான் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் வெயில் கணக்கைப் பார்த்தேன். சரி.

தொங்காட் பேரன் (சனி, காலை 9.20)

நாலு நாளாக எழுதவில்லை, மன்னியுங்கள். அம்மாவிடம் போய் உட்கார்ந்து அம்மாயியைப் பற்றிக் கேட்டேன். அம்மாவுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். சின்னம்மாவுக்கு இப்போது எண்பத்தாறு, அவரிடம் போன் போட்டுக் கொடுத்தார். அவர் ஒரு பெயர் சொன்னார், அந்தப் பெயருக்கு ஓர் அம்மா பெயரும் சொன்னார். இரண்டையும் எழுதிவைத்திருக்கிறேன். இங்கே போட வேண்டாம் என்று சின்னம்மா சொல்லிவிட்டார். அதனால் போடவில்லை.

ஒன்றுகூடலில் ராக்கிகரியைப் பற்றிப் பேசப்போவதில்லை. கேட்டால் மட்டும் சொல்வேன்.

அத்தை முதலில் மறுத்தார். எச்சிலை வெளிநாட்டுக்கு அனுப்புவதா, சூனியம் வைத்துவிட்டால் என்ன செய்வது என்றார். அப்புறம் குழவியைக் கழுவிக்கொண்டே, "எங்கம்மா வழி எதுன்னு உனக்குத் தெரிஞ்சா எனக்கும் சொல்லுவியா?" என்று கேட்டார். சொல்வேன் என்றேன்.

இன்று காலை குழாயோடு வந்திருக்கிறேன். துப்புவதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாதாம். அத்தை இப்போதுதான் தேநீர் குடித்து முடித்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம்.